தப்பு அவர்கள் மேல், கிளெய்ம் யார் பாலிசியில்?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலும் மணலி பக்கமும் தினமும் கார் ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கிற நேரத்தில் நாம் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் சில நாள் அடி விழத்தான் செய்யும். சிக்னலில் நிற்கிற காரைப் பின்னால் வந்து ஒருவர் இடிப்பார், இல்லாவிட்டால் ட்ரெய்லர் திரும்பும்போது அதன் பின்பக்கம் நம் கதவை உரசிக்கொண்டே போகும். அதற்கப்புறம் பெரும்பாலானவர்கள் நினைப்பது, "தப்பு நம்மேல் இல்லை, அவர் இன்சூரன்ஸ்தானே கொடுக்கப் போகிறது" என்று. இங்கே அது தானாக நடப்பதில்லை. யார் பாலிசியில் கேட்பது, கேட்கலாமா வேண்டாமா என்பதை நீங்கள்தான் கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும், அதுவும் ஒர்க்‌ஷாப்காரர் உங்களுக்காக முடிவு செய்வதற்கு முன்னால்.

முதலில் இடித்த இடம். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108, மற்றதெல்லாம் பிறகு. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசம், 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. பணத்தை நினைத்து யாரும் தயங்க வேண்டாம்.

அடி வண்டிக்கு மட்டும்தான் என்றால், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் போனை எடுங்கள். நெளிந்த இடத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அதைவிட முக்கியம் பத்தடி தள்ளி நின்று எடுக்கிற படம்: இரண்டு வண்டியும், சாலையின் நடுக்கோடும், பக்கத்தில் இருக்கிற கடை பெயர்ப் பலகையும் ஒரே படத்தில் வர வேண்டும். யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதைப் பின்னால் அதுதான் சொல்லும். வடசென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. கன்டெய்னர் மேல் பெரிதாக எழுதியிருக்கிற நான்கு எழுத்து ஏழு இலக்கம் வண்டி நம்பர் இல்லை, அது பெட்டியின் நம்பர். பதற்றத்தில் அதைக் குறித்துக்கொண்டு வந்தால் வண்டி யாருடையது என்று அதை வைத்து நேரடியாகக் கண்டுபிடிக்க முடியாது. ட்ரெய்லரை இழுக்கிற முன்பக்க வண்டியின் நம்பர் பிளேட்டை எடுங்கள், முடிந்தால் பெட்டி நம்பரையும் சேர்த்து. டிரைவரின் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காட்ட மறுத்தால் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதாவது அங்கேயே தெரிந்துவிடும்.

பக்கத்தில் பெட்ரோல் பங்க், டீக்கடை, குடோன் என்று எங்கே கேமரா இருந்தாலும் அன்றைக்கே போய்க் கேளுங்கள். சின்னக் கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டிருக்கும், ஒரு வாரம் கழித்துப் போனால் ஒன்றும் இருக்காது.

இந்த நேரத்தில் டிரைவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, கேஸ் வேணாம்ணே, ஓனருக்கு போன் போடுறேன், பார்த்துப் பண்ணிடலாம்." அவர் மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகாது, பல பேருக்குச் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். சின்ன உரசல், ஒரு பேனல் பெயின்ட்டோடு போகிறது என்றால் அங்கேயே ஒரு தொகை பேசி வாங்கிக்கொண்டு போவதில் தவறே இல்லை. ஆனால் "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் உங்கள் கம்பெனியில் கிளெய்ம் கேட்கப் போகாதீர்கள். உங்களுக்குக் கொடுத்த பணத்தை இடித்தவரிடம் வசூலிக்கிற உரிமை உங்கள் கம்பெனிக்கு இருக்கிறது, அதை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டதாக ஆகிவிடும். பம்பர் உள்ளே போயிருந்தால் அங்கே நின்று தொகை பேசவே பேசாதீர்கள். வெளியே பத்தாயிரம் மாதிரி தெரிவது கழற்றிப் பார்த்தால் முப்பதாயிரமாக இருக்கும்.

போலீஸ். அடிபட்டவர் இருந்தாலோ, இடித்தவர் ஓடிவிட்டாலோ, சேதம் பெரிது என்றாலோ, எதிராளியிடம் நஷ்ட ஈடு கேட்கிற எண்ணம் இருந்தாலோ புகார் கொடுத்தே ஆக வேண்டும். சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுதான் பார்க்கிறது. வடக்கே போகப் போக எல்லை ஆவடி கமிஷனரேட்டுக்கு மாறிவிடும், "இது எங்க லிமிட் இல்ல" என்று அனுப்பப் பார்ப்பார்கள். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியாக வேண்டும், அவர்கள்தான் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். அதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். கொடுத்ததும் சி.எஸ்.ஆர். தருவார்கள். அது புகார் பெற்றதற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். இல்லை. சாதாரண நெளிவுக்கு உங்கள் சொந்தப் பாலிசியில் கேட்க எஃப்.ஐ.ஆர். பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் எதிராளியிடம் நஷ்ட ஈடு கேட்டு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வரை போகிற எண்ணம் இருந்தால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பெரும்பாடு. வழக்குப் பதிவானால் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வந்து வண்டியைப் பார்க்கிற வரை எதையும் கழற்ற விடாதீர்கள்.

சரி, இப்போது கணக்கு. இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

உங்களிடம் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, அதாவது உங்கள் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிற பாலிசி இருந்தால் உங்கள் கம்பெனியிலேயே வாங்கலாம், வேகமான வழி அதுதான். ஆனால் தப்பு உங்களுடையது இல்லாவிட்டாலும் நோ கிளெய்ம் போனஸ் (என்.சி.பி.), அதாவது கிளெய்ம் கேட்காததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி போய்விடும். யார் இடித்தார்கள் என்று அந்தப் போனஸ் பார்ப்பதில்லை, உங்கள் பாலிசியில் கிளெய்ம் வந்ததா இல்லையா என்றுதான் பார்க்கிறது. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும், ஒரு கிளெய்மில் சுழியத்துக்கு வரும். உதாரணத்துக்கு இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறீர்கள், தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் (பிரீமியத்தில் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி) 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் வாங்காவிட்டால் அடுத்த வருடம் 45, அதற்குப் பிறகு எல்லா வருடமும் 50. வாங்கினால் சுழியம், 20, 25, 35, 45, அப்புறம்தான் 50. வித்தியாசத்தை வருடாவருடம் கூட்டினால் 4,500, 3,000, 2,500, 1,500, 500. மொத்தம் 12,000 ரூபாய். வண்டி பழசாகி ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு) குறையக் குறைய இந்தத் தொகையும் கொஞ்சம் குறையும், ஆனாலும் வரிக்கு முன்னால் நீங்கள் இழப்பது ஏறக்குறைய இவ்வளவு.

அதோடு முடியவில்லை. 1,500 சி.சி. வரை உள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து, இது கட்டாயப் பிடித்தம். அப்புறம் தேய்மானக் கழிவு. பம்பர் மாதிரி பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதிதான் கிடைக்கும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, முதல் 6 மாதம் ஒன்றும் பிடிக்க மாட்டார்கள், 5 வருடம் தாண்டினால் 40 சதவீதம், 10 வருடம் தாண்டினால் பாதி. பெயின்டிங் பில்லில் கால்பங்கு பொருள் செலவு என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், ஆக 8,000 ரூபாய் பெயின்டிங்கில் 1,000 உங்களுடையது. ஸீரோ டெப் என்கிற பம்பர் டு பம்பர் கவர் வைத்திருந்தால் இந்தக் கழிவுகள் இருக்காது, என்.சி.பி. புரொடெக்ட் எடுத்திருந்தால் போனஸும் அந்தக் கவரின் விதிப்படி தப்பும். இரண்டும் இல்லாதவர் 15,000 ரூபாய் வேலைக்குக் கிளெய்ம் போடுவது பல நேரம் நஷ்டம். 40,000, 50,000 என்றால் யோசிக்க வேண்டியதே இல்லை, போடுங்கள்.

எதிராளியின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் (அவர் வண்டி மற்றவருக்குச் செய்கிற சேதத்துக்கான கவர்) வாங்கினால் உங்கள் போனஸ் தொடப்படாது, கழிவும் கிடையாது. கார், லாரி பாலிசிகளில் மற்றவர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை கவர் உண்டு, பிரீமியத்தைக் குறைப்பதற்காகச் சிலர் அதை 6,000 ரூபாயோடு நிறுத்தியிருப்பார்கள், அதனால்தான் அவர் பாலிசியைப் படம் எடுக்கச் சொன்னேன். ஆனால் வழி நீளம். பெரும்பாலும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும், சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறுவழக்கு நீதிமன்றத்தில் நடக்கிறது. பாரிமுனை நமக்குப் பக்கம்தான், தேதி மேல் தேதி வாங்குவதுதான் தூரம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் சொல்கிறது, அதைத் தாண்ட விடாதீர்கள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு, கையில் வாங்குகிற தொகையை விட்டால் இது ஒன்றுதான் வழி.

இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். வேலையை உங்கள் பாலிசியில் முடித்துவிட்டு, உங்கள் கையிலிருந்து போன கழிவையும் கட்டாயப் பிடித்தத்தையும் எதிராளியிடம் கேட்கலாம். ஒரே தொகையை இரண்டு இடத்தில் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். தொகை பெரிதாக இருந்தால் மட்டும் இதற்கு மெனக்கெடுங்கள்.

கிளெய்ம் போடுவது என்று முடிவானால் உடனே கம்பெனிக்குத் தெரிவித்து கிளெய்ம் நம்பர் வாங்குங்கள், அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். அங்கே ஒரு விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். கிளெய்ம் ஃபாரத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, "நாங்க ஃபில் பண்ணிக்கிறோம் சார்" என்பார்கள். கேள்வி வராமல் இருக்கட்டும் என்று "வளைவில் திரும்பும்போது கம்பத்தில் மோதியது" என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரி போதும், இடித்த வண்டியைப் பற்றி நீங்கள் பின்னால் கேட்கிற எல்லாவற்றுக்கும் எதிராக உங்கள் கையெழுத்தோடு ஒரு சாட்சி தயார். பொய்த் தகவல் என்று உங்கள் கிளெய்மையே நிராகரிக்கவும் அது காரணமாகலாம். நடந்ததை நடந்தபடி, இடித்த வண்டி நம்பரோடு, உங்கள் கையெழுத்திலேயே எழுதி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்புகிற சர்வேயர் வருகிற நேரம் கேட்டு நீங்களும் அங்கே இருங்கள். வெளிச்சேதத்தைப் பார்த்து அவர் ஒப்புக்கொண்ட பிறகு பம்பரைக் கழற்றும்போது உள்ளே பீம் வளைந்திருக்கும், சென்சார் உடைந்திருக்கும், டிக்கித் தரை சுருங்கியிருக்கும். அப்போது வேலையை நிறுத்திவிட்டுச் சர்வேயருக்குப் படம் அனுப்பி, மறுபடி பார்க்கச் சொல்லி, கூடுதல் எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். இதைச் செய்யாமல் மாற்றிவிட்டால் அந்தப் பணம் உங்கள் தலையில்தான்.

கேஷ்லெஸ், அதாவது பில்லைக் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது வேண்டுமென்றால் கம்பெனி பட்டியலில் உள்ள ஒர்க்‌ஷாப். உங்களுக்கு நம்பிக்கையான டிங்கர் இருந்தால் அவரிடமே விட்டு, ஜி.எஸ்.டி. பில்லோடு பிறகு பணம் திரும்பப் பெறலாம், ஆனால் சர்வேயர் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பாடி வேலையில் நம் ஏரியாவுக்கென்று இரண்டு தொல்லை உண்டு. ஒன்று கடல் காற்று. திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு, பட்டிக்கு (நெளிவை நிரப்பப் பூசுகிற பசை) அடியில் இரும்பு சரியாகச் சுத்தம் செய்து பிரைமர் அடிக்கப்படாவிட்டால் சீக்கிரமே பெயின்ட் கொப்பளித்துத் துரு வெளியே வரும். அதனால் அதிகமாக நெளிந்த கதவையோ ஃபெண்டரையோ இழுத்துத் தட்டி மொத்தமாகப் பட்டி போடுவதைவிட மாற்றுவது நல்லது, சர்வேயரிடம் அதற்காக வாதாடுங்கள். இன்னொன்று தூசி. எண்ணூர், மணலி பக்கம் சாம்பலும் லாரித் தூசியும் சேர்ந்த காற்றில் திறந்த ஷெட்டில் அடித்த பெயின்ட் தொட்டுப் பார்த்தாலே சொரசொரக்கும். மூடிய பூத் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக்காற்றில் அடித்தால் பளபளப்பு மங்கும், அவசரம் இல்லாவிட்டால் ஒரு வாரம் தள்ளிக்கொள்ளலாம்.

வண்டியை எடுக்கப் பகலில் போங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாக் கலரும் மேட்ச் ஆகும். வெயிலில் பக்கவாட்டில் நின்று புதுப் பேனலையும் பழைய பேனலையும் சேர்த்துப் பாருங்கள், சில்வர் கலரில் வித்தியாசம் உடனே தெரியும். கதவு இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா, டிக்கி இடிக்காமல் மூடுகிறதா, பீடிங் ரப்பரில் பெயின்ட் தெறித்திருக்கிறதா, ரிவர்ஸ் சென்சாரும் கேமராவும் வேலை செய்கிறதா, டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். சின்னக் காந்தம் ஒன்றைத் துணி சுற்றிக் கொண்டு போனால் இரும்புப் பேனலில் பட்டி கனமாக உள்ள இடத்தில் ஒட்டாது. டிக்கித் தரைப் பாயைத் தூக்கிப் பார்த்து, தண்ணீர் பீய்ச்சச் சொல்லிக் கசிவும் பாருங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் திருப்திக் கடிதத்தில் கையெழுத்து, அதற்கு முன்னால் யார் கேட்டாலும் வேண்டாம்.

கழித்த தொகை நியாயமாக இல்லை என்றால் சர்வே ரிப்போர்ட்டின் பிரதி கேளுங்கள், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது, சென்னையில் அண்ணா சாலை, தேனாம்பேட்டையில். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம், கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே கேட்க முடிவது உங்கள் சொந்தப் பாலிசியைப் பற்றி மட்டும், எதிராளியின் கம்பெனி மேலுள்ள வழக்குக்குத் தீர்ப்பாயம்தான்.