முதலில் வருஷத்தைச் சொல்லுங்கள்: சரித்திர உடைப் பிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் இருந்துகொண்டு சரித்திர நாடகப் பைத்தியமாகவும் இருந்தால் ஒரு வசதி உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. செட் போடத் தேவையில்லை என்பது வசதி. காலை ஏழு மணிக்கு டூமா வீதியில் நின்றால் மஞ்சள் சுவரும் உயர்ந்த ஜன்னலும் பின்னணிக்குத் தயாராக இருக்கும். எதை மாட்டிக்கொண்டு நின்றாலும் அந்தச் சுவர் முன்னால் "பழைய காலம்" மாதிரி தெரிந்துவிடும் என்பதுதான் ஆபத்து. குறும்படம் எடுக்கிறவர்கள், கல்லூரி நாடகம் போடுகிறவர்கள், மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்கிற அம்மாக்கள், என்னைப் போலச் சும்மா ஆசைக்குத் தைத்துப் போட்டுக்கொள்கிறவர்கள், எல்லோரும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பழைய காலம் என்று ஒன்று கிடையாது. 1745 உண்டு, 1785 உண்டு, 1870 உண்டு, 1935 உண்டு. துணிக்கடைக்குள் காலை வைப்பதற்கு முன்பே வருஷத்தை முடிவு செய்யுங்கள். பத்து வருஷம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, நூறு வருஷம் தாண்டக் கூடாது.

எங்கள் ஊரில் அதிகம் பேர் எடுக்கிற கதை துய்ப்ளேக்ஸ் காலம்தான். அவர் இங்கே பிரெஞ்சு கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. அவருடைய துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736-ல் தொடங்கி 1761 வரை போகிறது. ஆக, காலம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நாம் இன்று போட்டோ எடுக்கிற தெருக்கள் அதற்குப் பிறகு எழுந்தவை. அந்தச் சுவர்களை மன்னித்துவிடலாம், வேறு இடத்துக்கு எங்கே போவது? மன்னிக்க முடியாதது சுவரில் வழிகிற காகிதப் பூ. போகன்வில்லா தென் அமெரிக்கச் செடி. பூகன்வில்லின் கப்பலில் போன தாவரவியலாளர் கொமர்சன் அதை பிரேசிலில் கண்டது 1767-ல். அதற்குள் துய்ப்ளேக்ஸ் பிரான்சுக்குப் போய், வறுமையில் செத்தும் போயிருந்தார். கேமராவை இரண்டடி நகர்த்தினால் தீர்ந்துபோகிற பிரச்சினை இது, ஆனால் யாரும் நகர்த்துவதில்லை.

அடுத்தது சிவப்பு கெப்பி. நம் போலீஸ்காரர்கள் தலையில் பார்த்துப் பார்த்து, பிரெஞ்சுச் சிப்பாய் என்றால் கெப்பிதான் என்று மனதில் பதிந்துவிட்டது. அந்தத் தொப்பி 19-ம் நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜீரியாவில் சண்டை போட்ட நாட்களில் பிறந்தது. 1746-ல் மதராஸைப் பிடிக்கப் போன ஐரோப்பியச் சிப்பாய்க்கு விளிம்பு மடித்த மூன்று முனைத் தொப்பிதான் சரி. இதேபோல, துய்ப்ளேக்ஸின் மனைவி ழான் வேஷம் போடுகிறவர்கள் தலையில் கோபுரம் மாதிரி பொய்முடி ஏற்றுகிறார்கள். அது 1770-களின் பாரிஸ் மோகம். ழான் 1756-லேயே இறந்துவிட்டார். அவர் காலத்தில் பெண்களின் முடி தலையோடு ஒட்டி, சிறு சுருள்களாக, அடக்கமாக இருந்தது. பொய்முடி வாடகை மிச்சம், அப்புறம் என்ன?

"பீச் ரோட்டில் அவர் சிலையே இருக்கிறதே, அதைப் பார்த்துத் தைக்கலாமே" என்று கேட்பார்கள். அந்தச் சிலை நிறுவப்பட்டது 1870-ல். செதுக்கியவர் அவரை நேரில் பார்த்தவரில்லை. பார்க்க அழகாக இருக்கட்டும், அளவெடுக்க வேண்டாம். சாட்சி எப்போது உண்டானது என்று கேட்கிற இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தவறு தானாகக் குறையும். சீரியலும் சினிமாவும் அதே கணக்கில்தான் சேரும். நான் அவற்றை விடாமல் பார்க்கிறவள். ஆனால் ஒரு நாடகத்தின் உடையை நகலெடுத்தால், அந்த உடை வடிவமைப்பாளர் பட்ஜெட்டுக்காகவும் கதாநாயகியின் வசதிக்காகவும் செய்த சமரசங்களையும் சேர்த்தே நகலெடுக்கிறோம்.

18-ம் நூற்றாண்டுத் தமிழர்கள் வேண்டுமானால் பியர் சொன்னெராவைத் தேடுங்கள். 1770-களில் இங்கே சுற்றிவிட்டு 1782-ல் பாரிஸில் அவர் வெளியிட்ட பயண நூலில் நம்மூர் ஆட்களின் படங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலம் என்றால் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது: சிதம்பரத்தில் சிவகாமி அம்மன் சன்னதி மண்டபத்துக் கூரையை அண்ணாந்து பாருங்கள். துணிக் கட்டு, தலைப்பாகை, கரை, எல்லாம் நிறத்தோடு இருக்கிறது. கோயில் சிற்பம் வேண்டுமானால் செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு ஒரு லட்சத்தைத் தாண்டும்.

சோழர் காலத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெண்கலச் சிலையை அப்படியே தெருவில் நடந்த பெண்ணின் உடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெருமாளின் இரு பக்கமும் நிற்கிற ஸ்ரீதேவியையும் பூதேவியையும் உற்றுப் பாருங்கள். ஸ்ரீதேவிக்கு மார்க்கச்சை இருக்கும், பூதேவிக்கு இருக்காது. அது சிற்ப விதி. அன்றைய பெண்கள் அவரவர் இஷ்டத்துக்கு உடுத்தியதை அது காட்டவில்லை. நிச்சயமாகத் தவிர்க்க வேண்டியது எது என்றால், ஜிகினா வைத்த வெல்வெட் ஜாக்கெட். முன்கொசுவம் வைத்து இடது தோளில் முந்தானை போடுகிற இன்றைய கட்டும் அப்படித்தான். அது 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாகூர் குடும்பத்துப் பெண்கள் வழியாகப் பரவத் தொடங்கியது. ராஜராஜன் அவையில் அது நுழைய வழியில்லை.

சரி, இனி தையலுக்கு வருவோம். ஐரோப்பிய கவுன் தைக்கிறவர்கள் அதிகம் கெடுத்துக்கொள்வது இங்கேதான்.

நம் தையல்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஜாக்கெட் தைத்துத் தைத்துக் கை பழகியவர்கள், அதனாலேயே டாட் (உடம்போடு படியத் துணியை மடித்துத் தைப்பது) பிடிக்காமல் அவர்களால் விட முடியாது. "அண்ணே, முன்பக்கம் டாட் வேணாம்" என்றால், "டாட் இல்லாம எப்படிம்மா உடம்புல நிக்கும்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. உடம்பில் நிற்க வைப்பது உள்ளே போடுகிற ஸ்டேஸ், அதாவது கம்பி வைத்துத் தைத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டுகிற உள்கச்சு. அதுதான் உடலை ஒரு கூம்பு வடிவத்துக்குக் கொண்டுவரும், மேலே வருகிற துணி அதன் மேல் தட்டையாகப் படியும். ஆகவே ஸ்டேஸை முதலில் தையுங்கள், அதைப் போட்டுக்கொண்டு கவுனுக்கு அளவு கொடுங்கள். வெறும் பிரா மேல் அளவெடுத்துவிட்டு அப்புறம் உள்ளே ஸ்டேஸ் போட்டால் இடுப்பு ஒரு இடத்திலும் கவுன் இன்னொரு இடத்திலும் நிற்கும். கையையும் சொல்லிவிடுங்கள்: 1740-களில் முழங்கையோடு முடிகிற ஒட்டிய கை, அதன் ஓரத்தில் மெல்லிய துணி மடிப்பு. பஃப் வேண்டாம். சொல்லாவிட்டால் வைத்துவிடுவார்கள்.

ஸ்டேஸை மூச்சு முட்ட இழுத்துக் கட்டுகிற காட்சி இல்லாத நாடகமே இல்லை. கட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு கதாநாயகி கண்ணீர் விட, தாதி முழங்காலை முதுகில் வைத்து இழுப்பாள். அதிலும் வெறும் தோலின் மேல். நிஜத்தில் உள்ளே லினனில் தளர்வான ஒரு நீள அங்கி இருக்கும். வியர்வையை அது வாங்கிக்கொள்ளும், துவைப்பதும் அதைத்தான். அது இல்லாமல் நம் சித்திரை வெயிலில் ஸ்டேஸ் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரத்தில் விலா முழுக்கச் சிவந்துவிடும். சமையல் செய்த, பிள்ளை தூக்கிய, வயலில் குனிந்த பெண்கள் எல்லாம் அணிந்த உடை அது. சரியாகத் தைத்தால் முதுகுக்குத் தாங்கல் கிடைக்குமே தவிர வலி இருக்காது.

ஸ்டேஸுக்குள் கம்பியாக வைக்க அன்றைய திமிங்கலத் தாடை நாருக்கு எங்கே போவது? எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கிற அகலமான கேபிள் டை போதும். நுனியை வட்டமாக வெட்டி, மெழுகுவத்தியில் ஒரு நொடி காட்டி மழுக்கிவிட்டால் துணியைக் குத்தாது. மேலே காடாத் துணி இரண்டு அடுக்கு. கயிறு கோக்கும் துளைக்கு உலோக வளையம் அடிக்காதீர்கள், அது 19-ம் நூற்றாண்டுச் சமாச்சாரம். ஊசியால் துளை போட்டுச் சுற்றிலும் கையால் நூல் சுற்றுங்கள். முன்பக்கம் கொக்கி போட்டுத் திறக்கிற கார்செட்டும் 19-ம் நூற்றாண்டுதான். ஆன்லைனில் "விண்டேஜ்" என்று விற்பது பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளை.

உடுத்துகிற வரிசையும் முக்கியம். காலுறையும் செருப்பும் முதலில், ஸ்டேஸ் அப்புறம். மாற்றிச் செய்தால் குனிய முடியாமல் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். இடுப்பில் நாடாவால் கட்டுகிற தனிப் பை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். பாவாடையின் பக்கவாட்டுத் திறப்பு வழியாகக் கை விட்டால் அது எட்டும், போன் தாராளமாகப் போகும். கவுனின் முன்பக்கத்தைக் குண்டூசி குத்தி மூடலாம், அன்றைக்கு அப்படித்தான் மூடினார்கள். ஊக்கு மட்டும் வேண்டாம், அது 1849-ல் காப்புரிமை வாங்கியது. ஜிப் ஆடைகளில் பரவலாக வந்தது 1930-களில்.

துணி விஷயத்தில்தான் நம் கடற்கரைக்காரர்கள் நியாயமாகத் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும், ஆனால் நாம்தான் பாலியெஸ்டர் சாட்டினைத் தேடி ஓடுகிறோம். 1740-களின் ஐரோப்பியப் பெண்கள் ஏங்கியது இங்கிருந்து கப்பலேறிய, பூ வரைந்து சாயமேற்றிய சீட்டிப் பருத்தித் துணிக்கு. தங்கள் நெசவாளர்களைக் காப்பாற்ற பிரெஞ்சு அரசு 1686 முதல் 1759 வரை அதைத் தடை செய்தே வைத்திருந்தது, அப்படியும் உடுத்துவதை நிறுத்த முடியவில்லை. கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறிய பருத்தி, படிகாரம் தீட்டிய இடத்தில் சாயவேரின் சிவப்பு, மெழுகு பூசி அவுரியில் முக்கிய நீலம். எத்தனை துவைத்தாலும் போகாத நிறம். ஆகவே கவுனுக்குக் கலம்காரி பிரிண்ட் எடுப்பது நல்ல யோசனைதான், எந்தப் பிரிண்ட் என்பதில்தான் கவனம் தேவை. வெள்ளைத் தரையில் கொடி படர்ந்து பெரிய பூ பூத்திருந்தால் எடுங்கள். புத்தர் முகம் போட்டதை வைத்துவிடுங்கள்.

உங்களுக்கு இன்னும் காலம் முடிவாகவில்லை என்றால் என் சிபாரிசு 1780 முதல் 1810 வரை. 1783-ல் மரி அந்த்வானெத் மெல்லிய வெள்ளைப் பருத்தி கவுனில் ஓவியத்துக்கு அமர்ந்து பாரிஸே கொதித்தது, ராணி உள்ளாடையில் இருக்கிறாள் என்று. பத்துப் பதினைந்து வருஷத்தில் எல்லோரும் அதையே போட்டார்கள். நல்ல மல் துணி, கழுத்திலும் மார்புக்குக் கீழும் நாடா கோத்த சுருக்கம், அவ்வளவுதான். டாட் சண்டை இல்லை, நம் புழுக்கத்துக்கும் தாங்கும்.

நிறத்தில் இரண்டு விதத் தவறு நடக்கிறது. ஒன்று, கண்ணைப் பறிக்கிற வயலட்டும் ராணி கலரும். பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டது 1856-ல், அதற்கு முந்தைய கதையில் அந்தப் பளீர் கூடாது. இரண்டாவது, இதைக் கேள்விப்பட்டதும் எல்லோருக்கும் சாக்கு நிறம் மாட்டிவிடுவது. ஏழைக் கதாபாத்திரம் என்றால் கட்டாயம் பழுப்பு! அவுரி நீலம் எவ்வளவு ஆழமானது என்று ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். புதுச்சேரியின் நீலத் துணி 19-ம் நூற்றாண்டில் செனகல் வரைக்கும் போனது.

கடலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தேவனாம்பட்டினத்துக் கோட்டை 1690 முதல் ஆங்கிலேயருடையது. மதராஸை இழந்த பிறகு 1746 முதல் 1752 வரை இந்தக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். 1758-ல்தான் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்தார். ஆகவே 1750-ன் கடலூரில் காவல் நிற்கிறவனுக்குச் சிவப்புக் கோட்டுதான். புதுச்சேரி நண்பர்களிடம் இரவல் வாங்கிய பிரெஞ்சுச் சீருடையை மாட்டிவிட்டால் கோட்டை எட்டு வருஷம் முன்னதாகவே விழுந்துவிடும்.

கடைசியாகச் சொன்னாலும், எல்லாவற்றிலும் மோசமான தவறு இதுதான்: நிஜமான பழைய உடையை வெட்டித் தைப்பது. எங்கள் ஊரில் சொல்தா குடும்பங்கள் நிறைய. பிரெஞ்சுப் படையில் இருந்த தாத்தாவின் கோட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும், பாட்டியின் ஜரிகைப் பட்டு பக்கத்தில் இருக்கும். நாடகத்துக்கு வேண்டும் என்று கோட்டின் தோளைப் பிடித்து இறுக்குவார்கள், பட்டைக் கத்தரித்துக் கவுனுக்குக் கரை வைப்பார்கள். மேடை விளக்குச் சூட்டில் ஒரு மணி நேரம், வியர்வை, அப்புறம் டிரை கிளீனிங். மடிப்பு இருந்த இடமெல்லாம் கோடு கோடாகக் கிழிந்துவிடும். அணியவே வேண்டாம். தரையில் சுத்தமான பழைய வேட்டியை விரித்து, அதன் மேல் கோட்டைப் பரப்பி, உள்பக்கத் தையலை, பொத்தானின் பின்புறத்தை, லைனிங்கை, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். அந்தப் படங்களை வைத்துப் புதுத் துணியில் தைத்தால் எந்த நாடகத்து உடையையும்விட உங்களுடையது நன்றாக இருக்கும். எடுத்து முடித்ததும் பழைய மடிப்புக் கோட்டிலேயே மடிக்காமல் சற்றுத் தள்ளி மடித்து, அதே வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகை மேல் படக் கூடாது, வசம்பைத் துணியில் முடிந்து ஓரமாகப் போட்டால் போதும்.