ஆங்கிலத்தில் 'வளர்க்கிறேன்' என்று எழுதுமுன் ஒரு கேள்வி

ஆங்கிலத்தில் 'வளர்க்கிறேன்' என்று எழுத வேண்டி வந்தால், எதை வளர்க்கிறோம் என்று முதலில் பாருங்கள். செடி, தலைமுடி, தாடி, நகம் என்றால் 'குரோ'. குழந்தை என்றால் 'ரெய்ஸ்' அல்லது 'பிரிங் அப்'. வீட்டில் நாய், பூனை என்றால் வெறும் 'ஹேவ்' அல்லது 'கீப்' போதும்.

தமிழில் 'வளர்' என்ற ஒரே வேர் எல்லாவற்றுக்கும் ஓடும்; ஆங்கிலத்தில் வளர்க்கப்படும் பொருளைப் பொறுத்து வினை மாறும். 'ஐ குரூ மை சன்' என்றால், மகனைத் தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றியதுபோல் இருக்கும்! 'குரோ அப்' என்பதும் பெரும்பாலும் ஆள் வளர்ந்து பெரியவராவதற்குத்தான். செடிக்கு 'குரோ' மட்டும் போதும், 'அப்' தேவையில்லை.

தானாக வளர்வதைச் சொல்லும்போது இந்தக் கவலையே வேண்டாம். குழந்தை, மரம், நகரம், கடன் எல்லாவற்றுக்கும் 'குரோ' சரிதான். 'குரோ தி பிசினஸ்' என்பதும் அலுவலக ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. சிலருக்கு அது இன்னும் காதில் உறுத்தும், ஆனால் தவறில்லை. அப்புறம், 'குரோ ஓல்டு', 'குரோ டயர்டு' என்பவற்றில் வளர்ச்சியே கிடையாது. அங்கே 'குரோ' என்றால் மெல்ல மெல்ல அப்படி ஆவது.