துபாய்த் திருமணத்துக்குப் புறப்படும் முன்

கீழக்கரையிலிருந்தோ தொண்டியிலிருந்தோ துபாயில் நடக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் புறப்படுவோர், பட்டுப்புடவைக்கு முன்பாக பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். அது இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால், தந்தை பெயரை முன்னெழுத்தாக மட்டுமே எழுதிப் பழகிய நம் பக்கத்தில், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருப்பவர்கள் ஏராளம். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களின் சுற்றுலா விசாவுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்ததால், பெயர்த் திருத்தம் தேவைப்பட்டால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.

விலை உயர்ந்த நகைகளைப் புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், திரும்பும்போது அவை இங்கிருந்து கொண்டுபோனவையே என்று நிரூபிக்க எளிதாக இருக்கும். மதுரையில் விமானம் ஏறுவோர் இதற்கென்றே சற்று முன்னதாகப் போய்விடுவது நல்லது.

கல்யாண வீட்டுக்கு நம் ஊர் இனிப்பான தொதல் கொண்டுபோக ஆசைப்படுவது இயல்புதான். ஆனால், வீட்டில் அன்போடு அரைத்துக் கட்டித் தரும் குருமா மசாலாவில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் அதைப் பெட்டியில் வைக்காதீர்கள். அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள் என்பதால் ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.