வோலின் 1943: போலந்து–உக்ரைன் படுகொலைகளைப் பத்தி பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உக்ரைன் போர் ஆரம்பிச்சதுல இருந்து பண்டேரா, நாஜி, வோலின் படுகொலைன்னு தமிழ்லயும் வீடியோவும் பதிவுமா வந்துட்டே இருக்கு, யாரோ இங்கிலீஷ்ல போட்ட த்ரெட்ட எடுத்து அப்படியே பேசிட்டுப் போயிடறாங்க. 1943ல வோலின்ல உக்ரைனிய தேசியவாதப் படை போலந்துக் குடும்பங்கள கொத்துக் கொத்தா கொன்னதுதான் இந்த வோலின் படுகொலை. அங்க செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க காடு கழனின்னு இருந்த விவசாயக் குடும்பங்க, வயசானவங்க, குழந்தைங்க. அவங்க சாவ இவ்வளவு அசால்ட்டா பேசறதப் பாக்க ரொம்ப கஷ்டமா இருக்கு, அதனால திரும்பத் திரும்பக் கண்ணுல படற தப்புங்கள மட்டும் எடுத்து எழுதறேன்.

முதல்ல இடம் எதுன்னு தெளிவா இருக்கணும். வோலின்கிறது இன்னிக்கு உக்ரைனோட வடமேற்கு மூலை, லுட்ஸ்க், ரிவ்னே எல்லாம் அங்கதான் இருக்கு, ஆனா ரெண்டு உலகப் போருக்கும் நடுவுல அது போலந்து கையில இருந்துச்சு. 1931 சென்சஸ்படி சுமார் 20 லட்சம் ஜனம், அதுல மூணுல ரெண்டு பங்குக்கு உக்ரைனியர், ஆறுல ஒரு பங்கு போலந்துக்காரங்க, பத்துல ஒரு பங்கு யூதர்கள், கொஞ்சம் செக், கொஞ்சம் ஜெர்மன். அதுக்குத் தெற்கால இருக்கிற கிழக்கு கலீசியா, அதாவது லிவிவ் பக்கம், வேற கதை. அங்க உக்ரைனியர் கிரேக்கக் கத்தோலிக்கர், அதாவது போப்ப ஏத்துக்கிட்ட கிழக்கத்திய சடங்கு கிறிஸ்தவங்க, வோலின்ல ஆர்த்தடாக்ஸ். ஜெர்மன்காரன் நிர்வாகமும் ரெண்டுத்துக்கும் வேற வேற. கொலைங்க வோலின்ல 1943ல உச்சத்துக்குப் போச்சு, கலீசியாவுல 1944ல தீவிரமாகி 1945 வரைக்கும் ஓடுச்சு. பல பேரு எல்லாத்தையும் வோலின்னு ஒரே மூட்டையா கட்டிடறாங்க, அப்புறம் 1944ல கலீசியாவுல ஹூட்டா பியனியாட்ஸ்காங்கிற ஊர்ல நடந்த கொலையையும் வோலின் கணக்குல எழுதிடறாங்க.

"ரெண்டு இனமும் காலங்காலமா ஜென்மப் பகை, என்னிக்காச்சும் வெடிச்சுத்தான் ஆகணும்"னு சொல்றது அடுத்த தப்பு, கேக்க ஈஸியா இருக்கு, ஆனா உண்மையில்ல. வோலின் கிராமங்கள்ல கலப்புக் கல்யாணம் சகஜம். லிவிவ்ல கிரேக்கக் கத்தோலிக்க பேராயரா இருந்த ஆண்ட்ரே ஷெப்டிட்ஸ்கி உக்ரைனியரோட பெரிய தலைவர், அவர் கூடப் பொறந்த தம்பி ஸ்டனிஸ்லாவ் போலந்து ராணுவத்துல ஜெனரல். ஒரே வீட்டுப் பசங்க ரெண்டு தேசத்தத் தேர்ந்தெடுத்த ஊர் அது. பகை எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா அதுக்குத் தேதியோட பதில் இருக்கு. 1918-19ல லிவிவுக்காக ரெண்டு பக்கமும் போர் போட்டு போலந்து ஜெயிச்சுது. 1921 ரீகா ஒப்பந்தத்துல உக்ரைன் நிலத்த போலந்தும் சோவியத்தும் பங்கு போட்டுக்கிச்சு. அதுக்கப்புறம் போலந்து அரசு முன்னாள் சிப்பாய்ங்களுக்கு வோலின்ல நிலம் குடுத்து குடியேத்துச்சு, உக்ரைனியப் பள்ளிக்கூடங்கள இருமொழிப் பள்ளியா மாத்துச்சு. 1930ல கலீசியாவுல போலீஸும் ராணுவமும் ஊர் ஊராப் போய் அடிச்சு நொறுக்குச்சு. 1938ல கிழக்குப் போலந்துல இருக்கிற ஹெல்ம் பக்கம் 100க்கும் மேல ஆர்த்தடாக்ஸ் கோயிலுங்கள இடிச்சாங்க. இந்தப் பக்கம் 1929ல வியன்னாவுல உருவான ஓயூஎன்கிற உக்ரைனிய தேசியவாத அமைப்பு 1934ல போலந்து உள்துறை அமைச்சர் பியராட்ஸ்கிய சுட்டுக் கொன்னுச்சு. இதுக்கு நடுவுலயே வோலின் ஆளுநரா இருந்த ஹென்ரிக் யூஸெவ்ஸ்கி பத்து வருஷம் ரெண்டு சமூகத்தையும் ஒட்ட வைக்கப் பாத்தாரு, 1938ல அவர அங்கிருந்து மாத்திட்டாங்க. ஆக ஒவ்வொரு படியிலயும் யாரோ எடுத்த முடிவு இருக்கு.

இந்தக் காரணங்கள அடுக்கினதும் சில பேரு "அப்போ போலந்துக்காரன் வாங்கிக் கட்டிக்கிட்டான்"னு முடிச்சிடறாங்க பாருங்க, அது இன்னும் மோசம். கோயில இடிச்சது வார்சாவுல உக்காந்திருந்த அரசு. 1943ல கோடாலியால வெட்டுப்பட்டது தொட்டில்ல கிடந்த பிள்ளைங்க.

1938ல இருந்து நேரா 1943க்குத் தாவுறதும் தப்பு, நடுவுல நடந்தது இல்லாம எதுவுமே புரியாது. 1939 செப்டம்பர்ல சோவியத் படை உள்ள வந்துச்சு, முன்னாடி அங்க குடியேறியிருந்த போலந்துக் குடும்பங்கள 1940 பிப்ரவரி குளிர்ல சரக்கு ரயில்ல ஏத்தி சைபீரியாவுக்கும் வடக்கு ரஷ்யாவுக்கும் அனுப்புச்சு, 1941 ஜூன்ல ஜெர்மன் படை வந்துச்சு, அப்புறம் யூதர்கள கொல்ல ஆரம்பிச்சுது. ரிவ்னே பக்கத்துல சோசெங்கி காட்டுல 1941 நவம்பர்ல மட்டும் சுமார் 17,000 பேர சுட்டுக் கொன்னாங்க, 1942 முடியறதுக்குள்ள வோலின் யூதர்கள்ல கிட்டத்தட்ட எல்லாரையும் அழிச்சிட்டாங்க. அந்தக் கொலைகள்ல ஜெர்மன்காரனுக்கு உதவினது உள்ளூர் உக்ரைனிய துணைப் போலீஸ். ஊரச் சுத்தி வளைக்கிறது, வீடு வீடாப் போய் இழுத்துட்டு வர்றது, குழி வெட்டற இடத்துக்குக் கொண்டுபோறது எல்லாத்தையும் அவங்க கிட்ட இருந்து பாத்து, செஞ்சு பழகினாங்க. 1943 மார்ச், ஏப்ரல்ல அவங்கள்ல நாலஞ்சாயிரம் பேரு துப்பாக்கியோட காட்டுக்குள்ள போய் யூபிஏங்கிற உக்ரைனிய கிளர்ச்சிப் படையில சேர்ந்துட்டாங்க, கொலை வேகம் எடுத்தது அந்த வசந்தத்துலதான். யூதர் அழிப்ப ஒரு வரி கூட சொல்லாம வோலின் கதை சொன்னா அந்தக் கதை ஒப்பேறாது.

இப்போ ரொம்ப முக்கியமான ஒண்ணு. "ரெண்டு பக்கமும் மோதிக்கிட்டாங்க, ரெண்டு பக்கமும் செத்தாங்க"ன்னு சொல்றது நடுநிலை மாதிரி தெரியும், ஆனா 1943 வோலினுக்கு அது பொருந்தவே பொருந்தாது. பிப்ரவரி 9ஆம் தேதி பரோஷ்லாங்கிற சின்ன போலந்துக் குடியிருப்புல நடந்தத மட்டும் எடுத்துக்குங்க. வந்த யூபிஏ ஆளுங்க நாங்க சோவியத் கெரில்லாப் படைன்னு சொல்லி சாப்பாடு வாங்கித் தின்னாங்க, அப்புறம் "எங்களுக்கு உதவினீங்கன்னு ஜெர்மன்காரன் உங்கள தண்டிப்பான், நாங்க உங்கள கட்டிப்போட்டுப் போறோம், கட்டாயப்படுத்தினோம்னு சொல்லிக்கலாம்"னு நம்ப வெச்சு எல்லாரையும் தரையில படுக்கச் சொல்லிக் கட்டினாங்க. கட்டினதுக்கு அப்புறம் கோடாலி. சுமார் 150 பேரு. அந்த ஊர் இன்னிக்கு இல்ல. ஏப்ரல்ல ஈஸ்டருக்கு முன்னாடி யானோவா டோலினாவுல சுமார் 600 பேரு. ஜூலை 11, ஞாயித்துக்கிழமை, சுமார் 100 ஊருங்கள ஒரே நேரத்துல தாக்கினாங்க, பூசைக்கு ஜனம் கூடற நேரமா பாத்து கோயில்கள வளைச்சாங்க. கிசெலின்ங்கிற ஊர்ல கோயிலுக்குள்ள இருந்தவங்கள்ல கொஞ்சம் பேரு ஒட்டி இருந்த பாதிரியார் வீட்டு மாடிக்கு ஓடி, கதவ அடைச்சு, செங்கல்லப் பேத்து கீழ ஏறி வர்றவங்க மேல எறிஞ்சு பல மணி நேரம் தாக்குப் பிடிச்சாங்க, அவங்கள்ல பெரும்பாலானவங்க பொழச்சாங்க. கீழயே மாட்டினவங்க பொழைக்கல. ஒரே நாள்ல 100 ஊருங்கிறது தானா மூண்ட கைகலப்பு கிடையாது, மேல இருந்து வந்த கட்டளை.

அதுக்கு முந்தின நாள் ஜூலை 10 அன்னிக்கு நடந்ததையும் சொல்லியாகணும். ஸிக்முண்ட் ரூமெல்னு ஒரு கவிஞர், வோலின்ல வளர்ந்தவர், போலந்தும் உக்ரைனும் ரெண்டும் எனக்குத் தாயின்னு கவிதை எழுதினவர், ஜெர்மன் ஆக்கிரமிப்ப எதிர்த்த போலந்து தலைமறைவுப் படையோட அதிகாரி. யூபிஏ கூட பேசி இத நிறுத்தலாம்னு காவலுக்கு ஆள் வேண்டாம்னு சொல்லிட்டு ரெண்டு பேரோட மட்டும் போனாரு. குஸ்டிச்சேங்கிற ஊர்ல மூணு பேரையும் கொன்னுட்டாங்க. அவருக்கு அப்போ 28 வயசு.

சரி, அப்போ உக்ரைனியர் தரப்புல சாவே இல்லையான்னா, இருக்கு, அத மறைக்கிறது அடுத்த தப்பு. 1944 மார்ச் 10ஆம் தேதி சக்ரின்ங்கிற உக்ரைனிய ஊர போலந்தோட தலைமறைவுப் படையே எரிச்சுது, நூத்துக்கணக்கான பேரு செத்தாங்க, நிறைய பெண்கள், குழந்தைங்க. 1945 மார்ச்ல பவுவோகோமாங்கிற ஊர்ல உக்ரைனியர கிரேக்கக் கத்தோலிக்கக் கோயில்ல அடைச்சு வெச்சு, அப்புறம் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போய் சுட்டாங்க. உக்ரைனியப் போலீஸ் காட்டுக்கு ஓடின பிறகு ஜெர்மன்காரன் போலந்து ஆளுங்கள போலீஸ்ல சேத்தான், அவங்களும் உக்ரைனிய ஊருங்கள எரிக்கப் போனாங்க. ஆனா அளவு வேற. போலந்துத் தரப்பு சாவு வோலின்ல மட்டும் 40,000ல இருந்து 60,000, கலீசியாவும் சேர்த்து ஒரு லட்சம் வரைக்கும் ஆய்வாளர்கள் சொல்றாங்க. போலந்துக்காரங்க கையால செத்த உக்ரைனியர் பெரும்பாலான மதிப்பீட்டுல 10,000ல இருந்து 15,000, அதுலயும் வோலின்ல ரெண்டு மூணாயிரம்தான், மிச்சம் இன்னிக்குப் போலந்துக்குள்ள இருக்கிற பகுதியில. இந்த எண்ணிக்கைங்க எல்லாமே மதிப்பீடு, ஆள் பேரோட எண்ணி முடிச்சது கிடையாது, அதனால ஒத்த எண்ண மட்டும் போட்டு அடிச்சு சொல்றவங்கள நம்பாதீங்க, சாவு எந்தப் பகுதியில, எந்த வருஷத்துலன்னு சொல்லாத எண்ணையும் நம்பாதீங்க.

பொதுவா "உக்ரைனியர் கொன்னாங்க"ன்னு எழுதறோம் பாருங்க, அங்கயும் நிதானம் வேணும். கட்டளை போட்டது ஓயூஎன்ல ஸ்டெபான் பண்டேராங்கிற தலைவர் பேருல இருந்த பிரிவு, வோலின்ல யூபிஏ படைக்குத் தலைமை தாங்கினது டிமித்ரோ க்ளியாச்கிவ்ஸ்கி. பண்டேரா பேரு பிரிவுக்கு இருந்துச்சே தவிர அந்த ஆள 1941 ஜூலையிலயே ஜெர்மன்காரன் புடிச்சிட்டான், 1943ல அவர் சாக்ஸன்ஹவுசன் முகாம்ல இருந்தாரு, வோலின்ல நின்னு கொன்ன மாதிரி வீடியோல சொல்றது தப்பு. அதுக்காக அவர் வளர்த்த அமைப்புக்கும் அது பேசின அரசியலுக்கும் பொறுப்பில்லன்னும் ஆகாது. யூபிஏங்கிற பேர முதல்ல வெச்சிருந்த டாராஸ் புல்பா-போரோவெட்ஸும் உக்ரைனிய தேசியவாதிதான், இந்தக் கொலைங்கள எதிர்த்து 1943லயே வெளிப்படையா எழுதினாரு. சாதாரண ஜனத்துலயும் பக்கத்து வீட்டு போலந்துக் குடும்பத்த வைக்கோல் போர்ல, நிலவறையில மறைச்சவங்க, ராத்திரியோட ராத்திரியா தகவல் சொல்லி ஓட வெச்சவங்க நிறைய. போலந்து ஆய்வாளர்களே 1,300க்கும் மேற்பட்ட உக்ரைனியரப் பேரோட பதிவு பண்ணிருக்காங்க, அதுல 380க்கும் மேல பேரு காப்பாத்தின குத்தத்துக்காகவே கொல்லப்பட்டவங்க. இதே ஊருங்கள்ல கோடாலி எடுத்துக்கிட்டு கூடப் போன விவசாயிங்களும் உண்டு, சில பேரு மிரட்டலுக்குப் பயந்து, சில பேரு நிலத்துக்கும் மாட்டுக்கும் ஆசைப்பட்டு.

எல்லாம் ஜெர்மன்காரன் சதி, ரஷ்யாக்காரன் சதின்னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டு ஆக்கிரமிப்பும்தான் களத்த ரெடி பண்ணுச்சு, ஒரு சமூகத்த இன்னொண்ணு மேல ஏவினதும் உண்மை. ஆனா ஜூலை 11க்குத் திட்டம் போட்டது பெர்லினும் இல்ல, மாஸ்கோவும் இல்ல.

அடுத்து படங்க. மரத்தச் சுத்தி குழந்தைங்களக் கட்டி வெச்ச ஒரு பழைய கருப்பு வெள்ள போட்டோவ "யூபிஏ செஞ்ச கொடுமை"ன்னு போட்டு லட்சக்கணக்குல ஷேர் பண்றாங்க. அது 1923ல ராடோம் பக்கத்துல மனநலம் கெட்டுப்போன ஒரு தாய் தன் நாலு பிள்ளைங்களக் கொன்ன சம்பவத்தோட படம், மனநல மருத்துவ இதழ்ல வந்தது, வோலினுக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. போலந்துப் பத்திரிகைக்காரங்களே இத வெளிக்கொண்டு வந்தாங்க, அந்தப் படத்த மாதிரியா வெச்சு சிலை எழுப்பற திட்டம் கூட அதனால நின்னு போச்சு. வோலின்ல செத்தவங்களுக்கு ஆதாரம் வேணும்னா சாட்சியம் இருக்கு, தோண்டி எடுத்த எலும்பு இருக்கு. பொய்ப் படத்தப் போட்டா மறுக்கறவனுக்கு நாமே வழி விட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும், "படமே பொய், அப்போ கதையும் பொய்"னு அவன் கிளம்பிடுவான்.

போர் முடிஞ்சதும் கதை முடிஞ்ச மாதிரி நிறுத்திடறதும் தப்புதான். 1944ல இருந்து 1946க்குள்ள போலந்துல இருந்து சுமார் 4,80,000 உக்ரைனியர சோவியத்துக்கும், சோவியத் உக்ரைன்ல இருந்து கிட்டத்தட்ட 8 லட்சம் பேர போலந்துக்கும் இடம் மாத்தினாங்க. மிச்சம் இருந்த உக்ரைனியர், லெம்கோங்கிற மலைவாழ் மக்கள் சுமார் 1,40,000 பேர 1947 ஏப்ரல் 28ல தொடங்கின விஸ்டுலா நடவடிக்கையில புடுங்கிட்டுப் போய் போலந்தோட வடக்கிலயும் மேற்கிலயும் ஊருக்குக் கொஞ்சம் குடும்பம்னு சிதற அடிச்சாங்க. சந்தேகப்பட்டவங்கள யாவோஷ்னோ முகாம்ல அடைச்சாங்க.

கடைசியா, இது பழைய கதை, ரெண்டு நாடும் சமாதானம் ஆயாச்சுன்னு எழுதறாங்க. 2003ல ரெண்டு ஜனாதிபதிங்களும் பவ்லிவ்காவுல சேர்ந்து நின்னது உண்மை, 2023 ஜூலைல அப்போதைய போலந்து ஜனாதிபதி டூடாவும் உக்ரைன் ஜனாதிபதி ஜெலன்ஸ்கியும் லுட்ஸ்க் கோயில்ல ஒண்ணா மெழுகுவத்தி வெச்சதும் உண்மை. ஆனா நடுவுல 2015ல உக்ரைன் யூபிஏ வீரர்கள சுதந்திரப் போராளின்னு சட்டம் போட்டுச்சு, 2016ல போலந்து நாடாளுமன்றம் இத இனப்படுகொலைன்னு தீர்மானம் போட்டுச்சு, 2017ல போலந்துல ஒரு யூபிஏ நினைவுச்சின்னத்த இடிச்சதும் உக்ரைன் செத்த போலந்துக்காரங்க எலும்பத் தோண்டி எடுக்கற வேலைக்கு அனுமதிய நிறுத்திடுச்சு, அது திரும்பக் கிடைக்க 2024 நவம்பர் வரைக்கும் ஆச்சு. 2025 வசந்தத்துல டெர்னோபில் பக்கம் புஷ்னிக்கியில தோண்டி, குறைஞ்சது 42 பேரோட எலும்ப எடுத்து, செப்டம்பர்ல முறையா அடக்கம் பண்ணினாங்க. அதே 2025 கோடையில போலந்து ஜூலை 11அ நினைவு நாளா சட்டம் ஆக்குச்சு, கீவ் வெளியுறவுத்துறை உடனே ஆட்சேபம் தெரிவிச்சுது. பவுவோகோமா மாதிரி போலந்து மண்ணுல செத்த தங்களோட ஆளுங்க சமாதிகளையும் சரி பண்ணணும்னு உக்ரைன் தரப்பும் கேட்டுட்டுதான் இருக்கு.