கணக்கியல் தேர்வு: வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடத்துகிற கணக்கியல் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர் சாயங்காலம் சந்தேகம் கேட்க வருவார்கள். எல்லாருமே வேலைக்குப் போகிறவர்கள்: மண்டி, கிரானைட் பட்டறை, ஆடிட்டர் ஆபீஸ், ஓசூர் சிப்காட். நானும் அப்படி எழுதித் தேறியவன்தான், அதனால் யார் எங்கே சறுக்குவார்கள் என்று நோட்டைத் திறக்கும்போதே தெரிந்துவிடும். ஹால் டிக்கெட்டை மறக்காதே, ராத்திரி கண் விழிக்காதே என்பதையெல்லாம் வீட்டில் அம்மாவே சொல்லிவிடுவார். அதை விட்டுவிடுகிறேன்.

மாங்காய் சீசனில் தேர்வை மாட்டிக்கொள்வது

ஜூன், ஜூலையில் பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும். எடைமேடைச் சீட்டு, விவசாயிகளுக்குப் பட்டுவாடா, லாரி வாடகை என்று ராத்திரி பத்து மணிக்கும் ஆபீஸில் லைட் எரியும். மண்டியிலோ கூழ் ஆலையிலோ இருந்துகொண்டு ஆகஸ்டுக்குப் பணம் கட்டினால் அது கட்டணத்தைத் தானம் செய்வதுதான். பிப்ரவரிக்குக் கட்டுங்கள். ஆடிட்டர் ஆபீஸ் பிள்ளைகளுக்கு மாதமே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. அந்தப் பத்து நாளில் புதுப் பாடம் தொடங்காதீர்கள், 21ஆம் தேதிக்கு அப்புறம் தொடங்குங்கள்.

டேலி தெரியும் என்கிற தைரியம்

டேலி என்பது கணினியில் கணக்கு எழுதும் மென்பொருள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. "அஞ்சு வருஷமா டேலி போடறேண்ணா, இந்தக் குறிப்பேடு பேரேடெல்லாம் எனக்கு எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். குறிப்பேடு என்பது நடவடிக்கையை முதலில் எழுதும் ஏடு, பேரேடு என்பது அதைக் கணக்கு வாரியாகப் பிரித்து எழுதும் ஏடு. டேலியில் எஃப்5 விசை பேமெண்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். விரல் தானாகப் போகும். சரி, வேலைக்கு அது போதும். ஆனால் பற்றும் வரவும் சமமாக இல்லாத வவுச்சரை டேலி சேமிக்கவே விடாது. பேரேட்டில் எடுத்தெழுதுவது, கூட்டுவது, இருப்புக் கட்டுவது எல்லாவற்றையும் அதுவே செய்துவிடும். ஆரம்ப இருப்பில் வரும் வித்தியாசத்தை விட்டால், பற்று மொத்தமும் வரவு மொத்தமும் ஒட்டாத இருப்பாய்வை இவர்கள் கண்ணால் பார்த்ததே கிடையாது. பிழைத் திருத்தம் என்ற பாடத்தில் பாதிக்கு மேல் கையால் எழுதும் ஏட்டில் மட்டுமே நடக்கக்கூடிய பிழைகள்.

மண்டியில் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் ஒரு கணக்கைக் கொடுத்தேன். விற்பனை ஏட்டின் கூட்டுத்தொகை ரூ.1,000 குறைவாகப் போடப்பட்டுள்ளது, வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டுவைக்க அனாமத்துக் கணக்கு திறந்தாகிவிட்டது, திருத்து. அவன் யோசிக்காமல் கடனாளி கணக்குப் பற்று, விற்பனைக் கணக்கு வரவு என்று எழுதினான். "எந்தக் கடனாளி?" என்றேன். கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, "சண்டரி டெட்டார்ஸ்ண்ணா" என்றான். டேலியில் கடனாளிகள் எல்லாரையும் சேர்த்து வைக்கும் தொகுப்பின் பெயர் அது.

டேலியில் பார்ட்டி இல்லாமல் கடன் விற்பனை இல்லை, அந்தப் பழக்கம் கையில் வந்துவிட்டது. கையால் எழுதும் முறையில் ஒவ்வொரு வாடிக்கையாளர் கணக்கும் விற்பனை ஏட்டிலிருந்து தனித்தனியாகப் பற்று எழுதப்பட்டுவிடும், அதில் தவறு இல்லை. மாதக் கடைசியில் மொத்தத் தொகை மட்டும் விற்பனைக் கணக்கின் வரவுக்குப் போகும். பிழை அந்த மொத்தத்தில். ஆகவே அனாமத்துக் கணக்குப் பற்று, விற்பனைக் கணக்கு வரவு, ரூ.1,000. கடனாளி இதில் வரவே மாட்டார்.

இன்னொன்று. ஏட்டில் ரூ.540 என்று சரியாக இருக்கும் விற்பனை, வாடிக்கையாளர் கணக்கில் ரூ.450 என்று ஏறிவிட்டது. இங்கே விற்பனைக் கணக்கைத் தொடக்கூடாது. வாடிக்கையாளர் கணக்குப் பற்று ரூ.90, அனாமத்துக் கணக்கு வரவு ரூ.90. இப்படிப் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபடும். இருப்பாய்வு ஒட்டாதபோது முதலில் பார்க்க வேண்டியது அதை. டேலியில் மட்டுமே பழகியவர்களுக்கு இதைத் தேடத் தேவையே வந்ததில்லை. "டேலில இப்படி வராதேண்ணா" என்கிறார்கள். வராதுதான். கேள்வித்தாளில் வருகிறதே! அதில் கோட்டை விட்டால் அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம் உட்கார வேண்டும்.

இதற்கு ஒரே வழி கை. உங்கள் ஆபீஸின் ஒரு வாரத்து பில்களை எடுங்கள், பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நீள நோட்டில் கொள்முதல் ஏடு, விற்பனை ஏடு, ரொக்க ஏடு எழுதி, பேரேட்டுக்குக் கொண்டுபோய், இருப்பாய்வு போடுங்கள். ஒட்டியதும் வேண்டுமென்றே ஒரு எண்ணைக் கெடுத்துவிட்டு எவ்வளவு வித்தியாசம், எந்தப் பக்கம் என்று பாருங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகும், போகட்டும்.

சரிக்கட்டுதலை எத்தனை இடத்தில் எழுதுவது

கொடுபட வேண்டிய சம்பளம் இருப்பாய்வுக்கு வெளியே குறிப்பாக வந்தால் இரண்டு இடம்: இலாப நட்டக் கணக்கில் சம்பளத்தோடு கூட்டு, இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பு. இருப்பாய்வுக்கு உள்ளேயே இருந்தால் பொறுப்பில் மட்டும். உள்ளே இருப்பதைப் பார்க்காமல் இரண்டு இடத்திலும் எழுதிவிட்டு, இருப்புநிலைக் குறிப்பு ஏன் ஒட்டவில்லை என்று அரை மணி நேரம் தேடுவார்கள்.

முதலாளி வீட்டுக்குப் போன மாம்பழப் பெட்டி

மண்டியில் இதை யாரும் எழுதுவதில்லை, தேர்வில் எழுத வேண்டும். முதலாளி தனக்காக எடுத்ததைக் காட்டும் எடுப்புகள் கணக்குப் பற்று, கொள்முதல் கணக்கு வரவு. விற்பனையில் கைவைக்காதீர்கள்.

விளக்கக் குறிப்பு

டேலி நரேஷனில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகிற கை, குறிப்பேட்டிலும் அதையே செய்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே அது எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள்.

பஸ்ஸில் படிப்பது

ஓசூர் பஸ்ஸில் தியரி படிக்கலாம். கணக்கு போடாதீர்கள்.