சத்தைப் பற்றிப் படிக்க மீன் சந்தையில் தொடங்குங்கள்

சாப்பாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் பலர் வாட்ஸ்அப்பில் வரும் 'இதைத் தின்றால் சீனி வருத்தம் பறந்துபோகும்' வகைச் செய்திகளைத்தான் சேர்க்கிறார்கள். அதை விடுங்கள். உங்கள் குசினியில் அடிக்கடி புழங்கும் சாமானில் ஒன்றை எடுங்கள், அதை முழுதாக அறிந்துகொண்டு அடுத்ததுக்குப் போங்கள்.

திருகோணமலையில் இருக்கிற நமக்கு மீன்தான் நல்ல தொடக்கம். அறுக்குளா என்றால் மதிப்பு, சூடை, நெத்தலி என்றால் இளக்காரம், இந்தப் பழக்கம் எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் புரதத்தில் சின்ன மீன்கள் ஒன்றும் சளைத்தவை அல்ல, நெத்தலியை முள்ளோடு மென்று தின்பதால் கல்சியமும் சேர்ந்து கிடைக்கிறது, சூடையில் இதயத்துக்கு உதவும் ஒமேகா 3 கொழுப்பும் இருக்கிறது. வாங்கும்போது கண் தெளிவாக முட்டிக்கொண்டிருக்கிறதா, செவுள் சிவப்பா என்று பாருங்கள், பெருவிரலால் சதையை அழுத்தினால் விழுந்த குழி உடனே எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.

அப்புறம் கோப்பையில் எது எதோடு சேர்கிறது என்று கவனியுங்கள். லைசினும் மெதியோனினும் புரதத்தின் கூறுகள். சோற்றில் லைசின் குறைவு, பருப்பில் மெதியோனின் குறைவு, சோற்றையும் பருப்பையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். முருங்கையிலைச் சுண்டலில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு இலேசில் எடுக்காது. அதற்கு விட்டமின் சி துணை வேண்டும், ஆனபடியால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள் (கொதிக்கும்போது விட்டால் அந்த விட்டமின் வீணாகும்). பக்கத்தில் ஒரு துண்டு மீன் இருந்தாலும் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பது அதைக் கெடுத்துவிடும், ஒரு மணித்தியாலமாவது போகட்டும். வளர்ந்த பெண்பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருக்கிற வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கடைச் சாமான் என்றால் பின்பக்கத்தை வாசியுங்கள். சேர்பொருட்களில் முதலில் இருப்பதுதான் அதிகம். சோடாப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு 2016 முதல் இலங்கையில் இருக்கிறது, ஆனாலும் கணக்கை நீங்களே போடுங்கள்: 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி என்றால் 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம், அதாவது பத்துத் தேக்கரண்டி. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதுவும் தேத்தண்ணிச் சீனியோடு சேர்த்து! உப்புக்கு அவர்கள் சொல்லும் எல்லை 5 கிராம், கருவாட்டை ஊறவைத்துக் கழுவுங்கள்.

சீனி வருத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் எதையும் மாற்ற முதல் கிளினிக்கில் கேளுங்கள். மற்றவர்கள் அடுத்த கிழமை அரிசியை எடுங்கள். தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ சொந்தக்காரர் வயல் செய்தால், சிவப்பரிசியைத் தவிடு போகத் தீட்டாமல் ஒரு கொத்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.