ஒரே கேட், ஒரே மோட்டார்: வீட்டுக்குள் குடிவைத்தவரோடு தகராறு வந்தால்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையைப் பதினொரு வருடமாக வாடகைக்கு விட்டு வருகிறேன். மாடி போர்ஷனை விடுவது போல இல்லை இது. வராந்தாவில் தனிக் கதவும் தனிக் குளியலறையும் இருந்தாலும் சமையலறை ஒன்றுதான், கேட் ஒன்றுதான், மோட்டாரும் கரண்ட் மீட்டரும் ஒன்றுதான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் பூஜை மணி அடித்தால் அவர் தூக்கம் கெடும்.

இதுவரை நான்கு பேர் இருந்திருக்கிறார்கள். மூன்றாவதாக வந்த தம்பியோடுதான் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினேன். தென்காசிப் பக்கத்துப் பையன். விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை. அந்த ஒன்பது மாதத்தில் நான் செய்த தவறுகளையும், கடைசியில் எது பலித்தது என்பதையும் எழுதுகிறேன். அதே நிலையில் இருப்பவர்களுக்கு, முக்கியமாகத் தனியாக இருக்கும் பெண்களுக்கு, உதவும் என்று நம்புகிறேன்.

முதல் தவறு, மூன்று மாதம் வாயே திறக்காமல் இருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போவார். மேல்தொட்டி நிரம்பி இரண்டு மணி நேரம் தண்ணீர் தெருவில் ஓடும். ஏப்ரலில் லாரித் தண்ணீர் வாங்கி சம்ப்பில் விட்டது அது. காலையில் ஈரத் தரையைப் பார்த்து வயிறு எரியும், ஆனால் சொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கேட் தாழ்ப்பாள் 'டணார்' என்று விழும், அதற்கும் சொல்ல மாட்டேன். இதையெல்லாம் எதிர் வீட்டு மாமியிடம்தான் கொட்டினேன். நாலு நாளில் அது அவர் காதுக்கே போய்விட்டது. அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். யாரைப் பற்றிய குறையோ அவரிடம்தான் அதைச் சொல்ல வேண்டும். அதுவும் அன்றைக்கே சொல்லிவிட்டால் அது ஒரு சின்ன விஷயம். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் குற்றப்பத்திரிகை வாசிப்பது போல ஆகிவிடும்.

எப்போது பேசுவது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு வந்தவரைக் கேட்டிலேயே நிறுத்தி ஒரு நாள் பேசினேன். அவர் கண் சிவந்திருந்தது, என் குரலும் ஏறியது. உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு, நாலு மணிக்கு ஹாலுக்கு வரச் சொன்னேன். அவர் அறை வாசலில் நின்று பேசவில்லை. அங்கே நின்றால் நாம் விரட்ட வந்தது போலத் தெரியும். காபி கொடுத்தேன். இரண்டே விஷயங்கள் என்று முன்பே முடிவு செய்திருந்தேன்: கரண்ட் பில், மோட்டார். மற்றதை இன்னொரு நாளைக்கு என்று வைத்துக்கொண்டேன்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். "உங்க வீடு மாதிரி இஷ்டத்துக்கு இருக்கீங்க" என்றுதான் முதலில் வந்தது. அதை அடித்துவிட்டேன். நேரில் சொன்னது இது: "தம்பி, நீங்க வரதுக்கு முன்னாடி ரெண்டு மாசத்துக்கு 280 யூனிட் வரும். இந்தத் தடவை 610 வந்திருக்கு. இதை எப்படிப் பிரிச்சுக்கலாம், நீங்களே சொல்லுங்க." ஆளைக் குறை சொல்லாமல் எண்ணைக் காட்டினேன். அவர் ஜன்னல் ஏசி மாட்டும்போது என்னிடம் கேட்டுவிட்டுத்தான் மாட்டினார், நானும் தலையாட்டினேன். கரண்ட் கணக்கைப் பற்றி அன்றைக்குப் பேசாதது என் பிழைதான். நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும், ஆகையால் பாதிப்பு இரண்டு பேருக்கும் என்பதை இ.பி. ரசீதை வைத்தே காட்டினேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நாம் பேசி முடித்ததும் அவரைப் பேசவிட வேண்டும். இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அம்மா, நான் இல்லாதப்போ நீங்க என் ரூமுக்குள்ள வரீங்க" என்றார். மழை வந்தால் ஜன்னலைச் சாத்தப் போவேன், அவ்வளவுதான். ஆனால் போனது உண்மை. வாடகைக்கு விட்டபின் அந்த அறைக்குள் நினைத்தபோது நுழைய நமக்கு உரிமை இல்லை. சட்டப்படியும் 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அன்றோடு நிறுத்திக்கொண்டேன். என் டிவி சத்தம் பகலில் அவர் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றும் சொன்னார். அதையும் குறைத்தேன். நான் இரண்டை விட்டுக்கொடுத்ததும் அவருக்கும் மறுக்க மனம் வரவில்லை.

பேசியதை அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஐந்து வரியில் அனுப்பிவிட்டேன். "இன்று பேசியபடி" என்று தொடங்கி, என்ன, எந்தத் தேதி முதல் என்று மட்டும். அவர் 'சரிம்மா' என்று பதில் போட்டார். பின்னால் அந்த ஒரு வார்த்தை மிகவும் உதவியது.

குணத்தைத் திருத்த முயல்வதைவிட ஒரு பொருளை வாங்கி மாட்டுவது சுலபம். தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் தானியங்கிக் கருவி ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டினேன், பாதிச் செலவு அவருடையது. அந்தச் சண்டை அன்றோடு தீர்ந்தது. கேட் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு, அது இடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டை ஒட்டினேன். அவர் அறைக்குப் போகும் லைனில் சப் மீட்டர் வைத்தோம். இ.பி.காரர் கணக்கெடுக்கும் நாளில் நாங்களும் சேர்ந்து சப் மீட்டரைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்வோம். 600 யூனிட்டில் 300 அவருடையது என்றால் பில்லில் சரிபாதி. அவ்வளவுதான், யூனிட்டுக்கு இவ்வளவு என்று நானாக ஒரு விலை வைக்கவில்லை. அப்படி வைத்தால் கரண்டில் லாபம் பார்க்கிறோம் என்ற சந்தேகம் வரும்.

விருந்தாளி விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. நண்பர் ஒருவர் 'ரெண்டு நாள்' என்று வந்து பத்தொன்பது நாள் தங்கினார். முன்பே சொல்லிவிட்டு, மாதத்துக்கு இரண்டு ராத்திரி வரை என்று எழுதிக்கொண்டோம். அதற்குமேல் தங்குகிறவர் பெயரும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். இதில் நான் இளகவில்லை. ராத்திரி வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டியது என் பாதுகாப்பு.

வாடகை பாக்கிதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி. மாதம் 7,500. ஐந்தாம் தேதி தர வேண்டியது பத்தாம் தேதி 2,000, இருபதாம் தேதி 3,000 என்று கூகுள் பேயில் துண்டுதுண்டாக வரும். ஒவ்வொரு முறையும் 'எந்த மாதத்துக்கு, இன்னும் எவ்வளவு பாக்கி' என்று பதில் அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து இருவருக்கும் இரண்டு கணக்கு இருக்கும். இரண்டு மாத பாக்கி முழுதாக நின்ற ஒரு நாள், கோபத்தில் அவர் அறைக்குப் போகும் கரண்டை நிறுத்த ஃப்யூஸ் பலகை முன்னால் போய் நின்றேன். அந்த நேரம் பார்த்து வக்கீலாக இருக்கும் என் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, முதல்ல அங்கேருந்து நகருங்க" என்றாள்.

அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, பாக்கி இருந்தாலும் தண்ணீர், கரண்ட் போன்றவற்றை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அவர் நம்மீது புகார் கொடுக்கலாம். நியாயம் நம் பக்கம் இருந்தது அந்த ஒரு செயலில் கைமாறிப் போகும். பூட்டை மாற்றுவதும் சாமானை வெளியே எடுத்து வைப்பதும் அப்படியே. அதே சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. ஒரே ஓர் அறைதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகை என்ற அளவையும் சட்டம் சொல்கிறது. சென்னையில் பத்து மாதம் கேட்பது பழக்கம். நான் மூன்று மாதம்தான், 22,500 வாங்கியிருந்தேன். பாக்கி ஏற ஏறக் கையிருப்புக் குறைவாக இருக்கிறதே என்று கவலைதான். ஆனாலும் ஊரிலிருந்து வேலைக்கு வரும் பையனிடம் 75,000 கேட்க எனக்கு இன்றும் மனம் வராது.

சரி, கரண்டை நிறுத்த முடியாது என்றால் என்ன செய்வது? எழுத்தில் நோட்டீஸ். பாக்கித் தொகை, எந்தெந்த மாதம், ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்று ஒரே பக்கத்தில். திட்டு வேண்டாம், பழங்கதை வேண்டாம். இரண்டு மாத பாக்கியை நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதமாகியும் தராவிட்டால், காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்தில் மனு போட அது ஒரு காரணம். ஒரே வீட்டு விலாசத்துக்கே தபாலா என்று கூச்சப்பட வேண்டாம். முப்பத்திரண்டு வருடம் தபால் இலாகாவில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், கதவிடுக்கில் செருகிய காகிதம் வேறு, கையெழுத்து வாங்கிக் கொடுத்த தபால் வேறு. நான் அனுப்பியபோது பதிவுத் தபால் இருந்தது. 2025 செப்டம்பரிலிருந்து அது விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் பதிவு செய்து, பட்டுவாடா ஆனதற்கான சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும். அன்றைக்கே ஒரு நகல் எடுத்துவிடுவது நல்லது.

தபால் வந்த மறுநாள் அவரே ஹாலுக்கு வந்தார். அப்பாவுக்கு ஆபரேஷன், பணமெல்லாம் அதில் போய்விட்டது என்றார். எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கவில்லை. ஒரு மாத பாக்கியைக் கட்டிவிட்டு, மீதியை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு, 45 நாளில் காலி செய்வதாகத் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டார்.

எல்லோரும் இப்படி இருக்க மாட்டார்கள். குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டால், மிரட்டினால், கதவை இடித்தால், ஞாயிற்றுக்கிழமை காபி கொடுத்துப் பேசுவதெல்லாம் அங்கே பொருந்தாது. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு 112-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு 181, மூத்த குடிமக்களுக்கு 14567. எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், பதற்றத்தில் போனில் தேட வராது. குடிவரும்போதே அடையாள அட்டை நகலையும் ஊர் விலாசத்தையும் வாங்கிக் காவல் நிலையத்தில் விவரம் கொடுத்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் கேள்விகள் குறையும்.

காலி செய்யும் நாளில் அறையை இருவரும் சேர்ந்து சுற்றிப் பாருங்கள். சுவர், குழாய், சுவிட்ச், ஜன்னல் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். சுவரில் ஆணி அடித்த தடம், வெளுத்த சுண்ணாம்பு இதற்கெல்லாம் பிடிக்க வேண்டாம், அது குடியிருந்ததன் தேய்மானம். நாங்கள் போட்ட கணக்கு: அட்வான்ஸ் 22,500. கழிவு ஒரு மாத வாடகை 7,500, கரண்ட் 940, உடைந்த வாஷ்பேசின் குழாய்க்கு 650. மீதி 13,410. அதை அவர் எதிரிலேயே எழுதி, அங்கேயே அனுப்பினேன். சாவி இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

இன்னொன்று. போகிறவரிடம் புதிய விலாசத்தைக் கட்டாயம் வாங்குங்கள். வங்கிக் கடிதமும் கடன் நோட்டீஸும் ஒரு வருடம் வரை நம் வீட்டுக்கே வந்துகொண்டிருக்கும். பிரிக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். உறையின் மேல் 'வீடு மாறிவிட்டார்' என்று எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். தன் பெயருக்கு வரும் தபாலைப் புது விலாசத்துக்குத் திருப்பிவிடச் சொல்லி அவரே தபால் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். தென்காசித் தம்பிக்கு அதை நானே சொல்லி, என் கண்ணெதிரிலேயே எழுதி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.